மயில்துத்தம் போடாத பசை

ஆனி மாதம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில், பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையோரம், மழை கொட்டுவதில்லை. கணவாய் வழியாக வருகிற காற்றும் அதில் கலந்த தூறலும்தான். அந்தத் தூறலை அலட்சியம் செய்துதான் கெட்டேன். கட்டிலுக்கு அடியில் பலகை வைத்து அழுத்தியிருந்த பன்னிரண்டு வஸ்லித் தாள்களில் ஒன்பது பூஞ்சணம் பூத்துக் கிடந்தன. மிச்சம் மூன்றின் ஓரத்தைக் கரப்பான் தின்றிருந்தது.

வஸ்லி என்பது சிற்றோவியம், அதாவது மொகலாயர் காலத்து 'மினியேச்சர்' படம், வரைகிற தாள். கையால் செய்த காகிதம் மூன்று நான்கைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தி, காயவைத்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து எடுக்க வேண்டும். ஓவிய ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் ஜெய்ப்பூருக்குப் போய்ப் பத்து நாள் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றால் தரையில், முழங்காலில் பலகையைச் சாய்த்துக்கொண்டு. முதல் நான்கு நாள் வண்ணத்தையே கண்ணில் காட்டவில்லை. பசை, காகிதம், தேய்ப்பு. அவர் சொன்னதையெல்லாம் தெரிந்த இந்தியை வைத்துக் குறித்துக்கொண்டேன். பசைக்கான பக்கத்தில் 'கோதுமை மாவு, தண்ணீர், கொஞ்சம் நீலா தோத்தா' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நீலா தோத்தா ஏதோ வாசனைப் பொருளாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அத்தைக்கு 81 வயது. ஒரு காலத்தில் மளிகைக் கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவர். பூஞ்சணம் பிடித்த தாளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "துத்தம் போடாமல் எவளாவது பசை காய்ச்சுவாளா, அம்மிணி?" என்றார்.

தோத்தா, துத்தம். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தபோதுதான் உறைத்தது. மயில்துத்தம்! பக்கத்துத் தோட்டத்துக்காரர் சுண்ணாம்போடு கலந்து மருந்தடிக்கிறாரே, அதே காப்பர் சல்பேட். பசையைப் பூஞ்சணமும் பூச்சியும் அண்டாமல் காப்பது அதுதான். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் போய்க் கற்றுக்கொண்டதில் நான் கோட்டைவிட்ட ஒரே சரக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் சாக்கில் இருந்திருக்கிறது.

இந்த ஊரில் நான் சிற்றோவியம் பழகுகிறேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "குருவாயூர் பக்கத்தில் இருக்கும்போது வடநாட்டுச் சித்திரம் எதற்கு?" நியாயமான கேள்வி. 1970இல் குருவாயூர்க் கோயிலில் தீப்பிடித்துப் பழைய சுவர்ச்சித்திரங்கள் கருகின. அவற்றைத் திரும்ப வரைய ஆள் தேடவேண்டிய நிலை இருந்தது. 1989இல் கோயில் நிர்வாகமான தேவசமே ஒரு பயிற்சி மையம் தொடங்கி, மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயரைத் தலைமை ஆசானாக வைத்தது. இன்று கேரளத்தில் சேலை முந்தானை வரைக்கும் அந்தப் பாணி இறங்கிவிட்டது. எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அது சுவரின் கலை. நிமிர்ந்து பார்க்க வேண்டும். சிற்றோவியத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடிதம் படிக்கிற மாதிரி பார்க்கலாம். எனக்கு அந்த நெருக்கம் பிடித்திருக்கிறது. கழுத்துவலி தனி.

சிற்றோவியத்துக்கு மறு உயிர் கொடுத்த கதையில் பெரிய பங்கு லாகூருக்கு. 1875இல் வைஸ்ராய் மேயோ பெயரில் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய தேசியக் கலைக் கல்லூரி. பாட்டியாலா அரண்மனை ஓவியர் மரபில் வந்த ஹாஜி முகம்மது ஷரீப் அங்கே கற்பித்தார். அவரிடமும் ஷேக் ஷுஜாவுல்லாவிடமும் படித்த பஷீர் அகமது, 1980களில் அதைத் தனிப் பட்டப் பாடமாகவே ஆக்கினார். அப்போது அங்கே பலருக்கு அது சுற்றுலாப் பயணிக்கு விற்கிற பழைய சரக்கு. அந்த வகுப்பிலிருந்து ஷாஸியா சிக்கந்தர் 1989-90இல் ஒரு நீண்ட சுருள் வரைந்தார். ஐந்தடிக்குச் சற்று அதிக நீளம். அதில் அரசனும் இல்லை, வேட்டையும் இல்லை. ஒரு வீடு, அதன் அறைகள், அறைக்கு அறை முகம் காட்டாமல் நகர்கிற வெள்ளையுடுத்த ஒரு பெண். அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த அன்றுதான் இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது.

2003இல் அதே கல்லூரியில் படித்த ஆறு பேர் செய்தது இன்னும் வேடிக்கை. ஆளுக்கு இரண்டு வஸ்லி. ஒருவர் தொடங்கித் தபாலில் அடுத்தவருக்கு அனுப்ப, அவர் அதன் மேலேயே வரைந்து அடுத்த ஊருக்கு அனுப்ப, இப்படி லாகூர், மெல்போர்ன், நியூயார்க், சிகாகோ என்று சுற்றிப் பன்னிரண்டு ஓவியங்கள் முடிந்தன. 'கார்கானா', அதாவது பட்டறை, என்று பெயர் வைத்தார்கள். அக்பர் காலத்துப் பட்டறையில் ஒருவர் கோடு போட, இன்னொருவர் வண்ணம் தீட்ட, முகத்தை மட்டும் வேறொருவர் வரைவார். பட்டறையைத் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்முனையும் உண்டு, அதையும் நேரில் கண்டேன். ஒரு கைவினைக் கடைக்காரர் என் பயிற்சித் தாள்களைப் பார்த்துவிட்டு, மொகலாய ராணி படங்களாக மாதம் இருபது கேட்டார். கூடவே, தாளை டீத்தண்ணீரில் முக்கி, ஓரத்தை லேசாகக் கிழித்து, 'பழசு மாதிரி' கொடுக்கச் சொன்னார். டீ தப்பில்லை, ஷாஸியாவின் சுருளிலும் டீ உண்டு. நேற்றுப் பிறந்த தாளுக்கு முந்நூறு வயது என்று பொய் சொல்ல வைப்பதுதான் தப்பு. மாதம் இருபது ராணி வரைகிற கைக்கு இருபத்தோராவது ராணியின் முகம் தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வரைவது வேலந்தாவளம் சோதனைச்சாவடி. அந்தப் பக்கம் கோயம்புத்தூர் மாவட்டம், இந்தப் பக்கம் நாங்கள். சிற்றோவியத்தில் தூரத்துப் பொருள் சிறுத்துப் போகவேண்டியதில்லை. மேலே ஏறிக்கொண்டால் போதும். லாரி வரிசைக்கு இதைவிட வசதி கிடையாது. ஏழு லாரியையும் ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கிவிட்டேன். எல்லாவற்றின் தார்ப்பாயும் தெரிகிறது. தகராறு செய்தது பனைமரம்தான். மாமரத்தை இலை இலையாக வரைவதற்கு வடக்கே வழி இருக்கிறது, பனைவிசிறிக்கு நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு பனைக்கு மூன்று வாரம் ஆயிற்று. பர்தாஸ் என்கிற நுண்கோட்டு வேலையில், மயிரிழைக் கோடுகளையும் புள்ளிகளையும் அடுத்தடுத்து வைத்துத்தான் நிழலே உருவாக வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நான்கு கோடு, பிறகு ஒரு மூச்சு.

தூரிகை மரபுப்படி அணில்வால் முடியில் செய்வது. ராமர் முதுகைத் தடவிவிட்டுப் போனார், சித்திரக்காரர்கள் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. பாரசீகத்தில் பூனைமுடியிலும் செய்தார்கள் என்று தெரிந்து வீட்டுப் பூனையைக் கத்தரிக்கோலோடு அணுகினேன். முழங்கையில் தழும்பு இருக்கிறது. இப்போது கோயம்புத்தூரில் வாங்கிய நைலான் தூரிகைதான்.

கறுப்பு மட்டும் அத்தையின் கைச்சரக்கு. ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் வெண்கலத் தட்டைக் கவிழ்த்து இரவு முழுக்கப் புகை பிடிக்கவிட்டு, காலையில் சுரண்டி எடுக்கிறார், கண்மைக்குச் செய்கிற அதே வழிதான். நான் அதில் வேலம்பிசின் கரைசலை விட்டு விரலால் குழைக்கிறேன். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு தாளைக் கண்ணாடிமேல் குப்புறப் போட்டு முதுகை அகேட் கல்லால் தேய்க்க வேண்டும். அப்போது வண்ணம் தாளோடு தாளாகப் படியும். அந்தச் சர்ர்ரென்ற சத்தம் கேட்டால் அத்தை அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார், அரிசி அரைக்கிறேனோ என்று.

போன வாரம் படம் முடிந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"டீக்கடை எங்கே?"

விட்டுப் போயிருந்தது. மூன்றாவது லாரிக்கும் நான்காவது லாரிக்கும் நடுவில் அரை அங்குலம் இடம் இருக்கிறது, போட்டுவிடலாம். அடுத்த பன்னிரண்டு தாளுக்குப் பசையும் காய்ச்சியாயிற்று, துத்தம் போட்டு. காய்ச்சியது தன் ரசச்சட்டியில் என்று தெரிந்ததிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. விஷத்தைச் சட்டியில் ஏற்றிவிட்டேன் என்கிறார். அவர் சொல்வதுதான் சரி. சனிக்கிழமைச் சந்தையில் புதுச் சட்டி ஒன்று வாங்க வேண்டும்.