பில் இல்லாத கிரீமும் மூக்கோரச் செதிலும்

முகத்தில் தோல் உரிந்தால் நேராகத் தோல் டாக்டரிடம் போய்விட வேண்டும். இங்கே பலர் போகும் வழி வேறு. முதலில் தெருமுனை மருந்துக்கடை, அடுத்து தி.நகரில் ஏதாவது ஸ்கின் கிளினிக், எல்லாம் கைவிட்ட பிறகு அரசு மருத்துவமனை. நானும் அந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அந்த மருந்துக்கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மூக்கின் இரண்டு ஓரம், புருவத்துக்குள், மீசைக்கு அடியில் எல்லாம் செதில் செதிலாக உரிந்தது. கறுப்புச் சட்டை போட்டால் நெஞ்சில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். "என்ன சார், மாவு மில்லுலருந்து நேரா வர்றீங்களா?" என்று பெருங்குடி ஆபீசில் ஒரு தம்பி கேட்டான். ஏசிதான் காரணம் என்றார் ஒருவர். வேளச்சேரி போர் தண்ணியின் உப்புதான் காரணம் என்றாள் மனைவி. மாமியார் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தது ஒரு நொடிகூட இருக்காது. "அண்ணே, ட்ரை ஸ்கின். இதப் போடுங்க, ரெண்டே நாள்ல மழமழன்னு ஆயிடும்." அட்டைப்பெட்டி இல்லாத வெறும் ட்யூப். பில் கேட்டேன். "சின்ன அமவுன்ட்தானேண்ணே" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

சொன்னபடியே மழமழவென்று ஆனதுதான் இதில் வேடிக்கை. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. உரிந்த இடம் சிவந்து, வியர்வை பட்டாலே எரிந்தது. மறுபடி போட்டால் அடங்கும், விட்டால் வெடிக்கும். ட்யூப் தீர்ந்து குப்பைக்கும் போய்விட்டது.

அப்புறம் அந்த ஸ்கின் கிளினிக். கன்சல்டேஷன் ஃப்ரீ என்று போட்டிருந்தார்கள். வெள்ளை கோட்டு போட்ட பெண் டேப்லெட்டில் என் முகத்தைப் படம் எடுத்து, "எல்லாம் டெட் ஸ்கின் சார், பீலிங் பண்ணா கிளியர் ஆயிடும்" என்றார். பேக்கேஜ் பதினெட்டாயிரம், இஎம்ஐ வசதி உண்டு. தானாகவே உரிந்துகொண்டிருக்கும் முகத்தை ஆசிட் வைத்து இன்னும் உரிப்பதாம்! நீங்கள் தோல் டாக்டரா என்று கேட்டதற்கு "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று பதில் வந்தது. அது அழகுக்கலை, தோல் மருத்துவம் இல்லை. பலகையைப் பார்க்கும்போது தோல் மருத்துவப் பட்டமாக எம்.டி. (டி.வி.எல்.), டி.டி.வி.எல். அல்லது தோல் பிரிவில் டி.என்.பி. என்று இருக்கிறதா பாருங்கள். பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

அரசு மருத்துவமனையில் காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிட்டால் பெரிய தொல்லையில்லை. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன்.

"இதுவரைக்கும் என்ன போட்டீங்க?"

"ஒரு கிரீம்மா. வெள்ளை ட்யூப், பச்சை மூடி."

"பாதி கடை அப்படித்தான் இருக்கும். பேர் என்ன?"

தெரியாது. ஸ்டீராய்டு கலந்ததா, கலந்தது என்றால் எவ்வளவு வலுவானது என்று தெரிந்தால்தான் எப்படி நிறுத்துவது என்று சொல்ல முடியும் என்றார். அதுவரை வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போடச் சொல்லி, பெயரோடு வரச் சொல்லிவிட்டார். அரைநாள் லீவு அதோடு போச்சு.

கடைக்குப் போனேன். என்னை அண்ணே என்று கூப்பிட்ட அதே மனுஷன் இப்போது சார் என்று ஆரம்பித்தார். "நம்ம கடையிலயா வாங்குனீங்க? பில் இருக்கா சார்?" பில் தராதவரே பில் கேட்கிறார்! பின்னால் அலமாரியில் பச்சை மூடி ட்யூப் எதுவும் கண்ணில் படவில்லை. பேசிப் பயனில்லை என்று வந்துவிட்டேன்.

காப்பாற்றியது கோயம்புத்தூரில் இருக்கும் தங்கச்சி. "என்ன கிரீம்டா போடுற?" என்று அவள் கேட்டபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தேன். தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், பெயரின் பாதி என் கட்டைவிரலுக்கு அடியில். ஆனால் ட்யூபின் மடிப்புக்குக் கீழே இருந்த பொடி எழுத்து தெளிவாக விழுந்திருந்தது: பீட்டாமெத்தசோன், நியோமைசின். முதலாவது ஸ்டீராய்டு, இரண்டாவது ஆன்டிபயாடிக். அதற்கும் கீழே, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 2018லேயே, டாக்டர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய எச் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் கவுன்ட்டரில் மிட்டாய் மாதிரி கிடைக்கிறது.

படத்தைப் பார்த்ததும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இப்படிக் கண்டபடி ஸ்டீராய்டு போட்டுக் கெட்ட முகத்துக்குத் தோல் மருத்துவர்கள் டி.எஸ்.டி.எஃப். (டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்) என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். படர்தாமரையாக இருந்து அதன்மேல் ஸ்டீராய்டு போட்டிருந்தால் உருவமே மாறிக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும் என்று, பிளேடின் முனையால் புருவத்தோரம் மெல்லச் சுரண்டினார். செதில் கண்ணாடித் துண்டில் விழுந்தது. அதன்மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். படர்தாமரை இல்லை. செபோரிக் டெர்மடைடிஸ். தலையில் வந்தால் பொடுகு என்கிறோமே, அதன் உறவுக்காரன்தான்.

மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லார் தோலிலும் இருக்கிறது. தோலின் எண்ணெய்ப் பசைதான் அதற்குத் தீனி. சிலருடைய தோல் அதற்கு முரண்டு பிடித்துச் சிவந்து உரிகிறது. ஒட்டுவாரொட்டி இல்லை, அழுக்கால் வருவதும் இல்லை. மாமியாரின் தேங்காய் எண்ணெய் ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. வெறும் வறட்சி என்றால் கன்னம் இழுத்துப் பிடிக்கும், பொடித்தூளாக உதிரும், மாய்ஸ்சரைசர் போட்டால் அடங்கும். இது மூக்கோரம், புருவம், மயிர்க்கோடு, காதுக்குப் பின்னால் என்று எண்ணெய் சுரக்கும் இடமாகப் பார்த்து வரும், செதில் சற்று மஞ்சளாகப் பிசுபிசுக்கும். அதற்காக நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாதீர்கள். சோரியாசிஸ், அலர்ஜி என்று மற்றவையும் வரிசையில் இருக்கின்றன.

ஸ்டீராய்டே விஷம் என்று அவர் சொல்லவில்லை. மென்மையானதைக் கொஞ்ச நாளைக்கு டாக்டரே எழுதுவதுண்டு. மெல்லிய முகத்தோலில் வலுவானதைக் கணக்கில்லாமல் போடுவதுதான் வினை. எனக்கும் மென்மையான ஒன்றை எழுதி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். கூடவே ஈஸ்ட்டை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத கிரீம், அப்புறம் ஸ்டீராய்டு இல்லாத டேக்ரோலிமஸ் களிம்பு. நிறுத்தும் காலத்தில் முகம் தீயாய் எரியும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். எரிந்தது. பயந்துபோய் பழைய கிரீமுக்கே ஓடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஓடுகிறார்கள். ஐஸ் கட்டி வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பருத்தித் துணி போதும்.

மற்றதெல்லாம் குளியலறை சமாச்சாரம். உப்புத் தண்ணியும் சோப்பும் சேர்ந்தால் ஒரு படலம் தோலில் தங்கிவிடும், சோப்பின் காரமும் ஒரு பக்கம் தோலைக் கெடுக்கும். அதனால் முகத்துக்கு சோப்பை விட்டுவிட்டு, வாசனை இல்லாத மென்மையான கிளென்சர். கடைசியாக ஒரு குவளை கேன் தண்ணீர். மனைவி முறைத்தாள், ஆனால் எரிச்சல் குறைந்தது. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர். கடலை மாவு, எலுமிச்சை, ஸ்க்ரப் எல்லாவற்றுக்கும் தடை. உரியும் செதிலை நகத்தால் பிய்க்கவே கூடாது. எனக்கு அது பெரிய தவம். மீசையை ஒட்ட வெட்டச் சொன்னார், மருந்து தோலில் படுவதற்காக. கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை தலையோடு மீசைக்கும் புருவத்துக்கும் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும்.

இது அடியோடு போய்விடும் வியாதி இல்லை. தூக்கம் கெட்டாலும் டென்ஷன் ஏறினாலும் தலைகாட்டும் என்றார். ஆபீசில் ரிலீஸ் வந்த வாரத்தில் மூக்கோரம் லேசாகத் தலைகாட்டியது, ஷாம்புவிலும் கிரீமிலும் அடங்கிவிட்டது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாம்பு மட்டும்தான். நீர் வடிந்தாலோ, சீழ் கட்டினாலோ, இமை வீங்கினாலோ அடுத்த ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போகும்போது, போட்ட எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.