மாடியில் வைத்துச் சொன்னது

போன வாரம் அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிற மருமகன் சோற்றில் கையே வைக்கவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய், "என்னய்யா?" என்றேன். "அத்தே, அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்று போனை நீட்டினான். விரல் நடுங்கியது. ஆன்லைன் விளையாட்டில் பழகிய எவனோ போட்டோ கேட்டு வாங்கிவிட்டு, இன்னும் அனுப்பு என்று மிரட்டுகிறான்.

"ஒன் மேல தப்பே இல்லய்யா" என்றுதான் முதலில் சொன்னேன். திட்டியிருந்தால் அதோடு வாயை மூடியிருப்பான்.

சாட் மெசேஜை அழிக்க விடவில்லை, அதுதானே சாட்சி. மிரட்டிய வரிகளையும் அவன் ஐடியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அப்புறம் பிளாக். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினோம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட இந்த மாதிரிப் புகாரை, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம்.

அண்ணனிடம் நானே பேசினேன். ராத்திரி, அம்மா ஊற்றிய சொதியை ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.