தோ பாயோ: பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி ஓர் ஊர்

சிங்கப்பூரில் நான் இந்தமுறை பார்க்க நினைத்தது பேருந்துகளை. இன்னும் சரியாகச் சொன்னால், பேருந்தை விட்டு இறங்கியவர்கள் அடுத்த ஐந்து நிமிடத்தில் எந்த வழியாக, எங்கே நடந்து போகிறார்கள் என்பதை. நம் ஊர்களில் பேருந்துக்குத் தனித்தடம் போடுவது பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்தத் தடத்தின் இரு பக்கமும் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை.

தங்கியது தோ பாயோ என்ற குடியிருப்பு நகரில், பெரியம்மா வீட்டில். மின்தூக்கியில் இறங்கினால் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் திறந்தவெளியாகக் கிடக்கிறது. சுற்றுச்சுவர் கிடையாது, யார் வேண்டுமானாலும் குறுக்கே நடந்து போகலாம். அங்கிருந்து கூரை போட்ட நடைபாதை. வழியில் கோப்பிக் கடை, மளிகைக் கடை, மருந்தகம். மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா குடையைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. சாலையைக் கடக்கும் இடத்தில் விளக்குக் கம்பத்தில் இருந்த கருவியில் மூத்தோருக்கான பயண அட்டையைத் தட்டினார். "தட்டினா பச்சை இன்னும் கொஞ்ச நேரம் எரியும் தம்பி, ஓட வேண்டாம்" என்றார். 2009-இல் தொடங்கிய ஏற்பாடு இது. மூட்டுவலிக்காரர் ஒருவர் யார் துணையும் இல்லாமல் பேருந்து ஏறி, தேக்கா சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வருகிறார். இதை நான் நேரில் பார்த்தேன். என் ஊரில் அதே வயதில் இருக்கும் அம்மாவை நினைத்து மனம் கனத்தது.

இந்தக் கூரைகள் தானாக முளைத்தவை அல்ல. ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தொலைவுக்குள் உள்ள முக்கிய இடங்களுக்குக் கூரையிட்ட நடைபாதை போடும் திட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் 2013-இல் அறிவித்தது. ஐந்தே ஆண்டுகளில் சுமார் 200 கிலோமீட்டர் போட்டு முடித்தார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு கதை உண்டு. சிங்கப்பூர் ரயிலே இல்லாத நகரமாக இருந்திருக்கலாம். 1980-இல் கென்னத் ஹான்சன் தலைமையில் வந்த ஹார்வர்டு குழு, ரயிலுக்குப் பணம் கொட்ட வேண்டாம், முழுக்கப் பேருந்துகளைக் கொண்டே சமாளிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அமைச்சர் ஓங் டெங் சியோங் ரயிலுக்காக வாதாடினார். 1982-இல் ரயில்தான் என்று முடிவாகி, 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் வண்டி ஓடியது.

ஆனால் தோ பாயோ 1960களிலேயே எழத் தொடங்கிவிட்டது. சந்தையும் பள்ளியும் கடையும் நடக்கும் தொலைவில் இருக்கும்படி வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதை வகுத்தபோது ரயில் வெறும் யோசனையாகக்கூட உருப்பெறவில்லை. பேருந்தை நம்பிய ஊராகவே அது வளர்ந்தது; ரயில் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அதனால்தான் தனித்தடத்தில் ஓடும் அதிவிரைவுப் பேருந்து பற்றி யோசிக்கும் நகரங்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

நடக்கும்போதே கைப்பேசியில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மனைக்கும் ஒரு நிறம்; பல மனைகளின் மேல் ஓர் எண். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைச் சொல்லும் அந்த எண்தான் நாம் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வது. நீலம் என்றால் வணிகம். எனக்கு மிகவும் பிடித்த வகை, குடியிருப்பு மேலே, முதல் தளத்தில் மட்டும் வணிகம் என்பது. இங்கே முதல் தளம் என்றால் தரைத்தளம். நடப்பவர் கண்ணுக்கு நேரே மதில் வரக்கூடாது, கடை வாசல் வரவேண்டும் என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது! சிராங்கூன் சாலையின் அஞ்சடிகளில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைவழிகளில், நடந்தவர்களுக்கு இது புதிதாக இராது. கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியான கூரைவழி விட வேண்டும் என்று, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-இலேயே நகரக் குழுவுக்கு உத்தரவிட்டார்.

கார் நிறுத்தும் இடமும் இதோடு சேர்ந்ததுதான். 2019 பிப்ரவரியிலிருந்து நகர மையத்திலும் ரயில் நிலையங்களுக்கு அருகிலும் புதுக் கட்டடங்கள் குறைவான கார் நிறுத்தங்களோடே கட்டப்படலாம். அதற்கு முன்பே, 2016-இல், பெரிய கட்டடத் திட்டங்கள் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்குமான வழியைத் தனியாகக் காட்டியாக வேண்டும் என்ற விதி வந்தது.

பேருந்தை மட்டும் நம்பி இதைச் செய்த நகரம் பிரேசிலின் குரிச்சிபா. 1974-இல் தனித்தடத்தில் பேருந்து ஓடத் தொடங்கிய முக்கியச் சாலைகளை ஒட்டி மட்டும் உயரமாகக் கட்ட அனுமதித்தார்கள்; விலகிப் போகப் போக உயரம் குறைந்தது. அகமதாபாத்திலும் பேருந்துத் தடத்தின் இருபுறமும் 200 மீட்டர் பட்டையில் எஃப்.எஸ்.ஐ. 4 வரை விட்டார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனாலும் உயரத்தைக் கூட்டிவிட்டு நடைபாதையை விட்டுவிட்டால், கூடுதல் மாடிகளில் குடியேறுகிறவர்கள் கூடுதல் கார்களைத்தான் வாங்குவார்கள். எண் மட்டும் போதாது. தரைத்தளமும் நடைபாதையும் சேர்ந்தே வரவேண்டும்.

சிங்கப்பூரால் முடிவதெல்லாம் நம்மால் முடியாது என்பதும் உண்மை. 1966-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசுக்குக் கொடுத்த பலம் நம் மாநகராட்சிகளுக்கு இல்லை. இங்கேயும் குறை உண்டு: பெரிய சாலைகள் மிக அகலம், சில இடங்களில் கடக்க மேம்பாலம் ஏற வேண்டியிருக்கிறது. என்றாலும் நிறுத்தத்துக்கு அருகே மதில் கூடாது என்று ஒரு விதி எழுத எந்தப் பெரிய பலமும் தேவையில்லையே.

மேரிமவுண்ட் சாலைப் பக்கம் போனால் வடக்கு-தெற்குப் பெருவழியின் வேலை நடப்பதைப் பார்க்கலாம். 21.5 கிலோமீட்டர். முதலில் வெறும் விரைவுச்சாலையாக நினைத்ததை, 2016-இல் பேருந்துத் தடமும் சைக்கிள் பாதையும் கொண்டதாக மாற்றி வரைந்தார்கள். தெற்குப் பகுதியில் கார்கள் சுரங்கத்துக்குள் போய்விடும். மேலே மிஞ்சும் தரையில் பேருந்துக்கும் நடப்பவருக்கும் இடம் கூடும்.

இதிலெல்லாம் ஆர்வம் உள்ளவர்கள் மேக்ஸ்வெல் சாலையில் உள்ள சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடத்துக்குப் போங்கள். அனுமதி இலவசம். நகர மையத்தின் பெரிய மாதிரி அங்கே இருக்கிறது. பசித்தால் பக்கத்திலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம்.