இரண்டு நாள் வகுப்பும் ஐந்து வார அலைச்சலும்

தேயிலை எஸ்டேட் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பிள்ளைகளுக்கு மண்சரிவு, பெருமழை சமயத்தில் எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தேன். அதற்கு அனுமதி வாங்க ஐந்து வாரம் ஆனது. வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

கேரளத்து இடுக்கி மலையில் இருக்கும் பூப்பாறையிலிருந்து மலை இறங்கி ஏறி ஆபீஸ் போனால், மனு தமிழில் இருக்கிறதாம், மலையாளத்தில் வேண்டுமாம். தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதலாம் என்று 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த மேசையில் அதைச் சொல்லிப் பார்த்தேன். "நாளெ வா" என்றார். மலையாளத்தில் எழுதிக்கொண்டு போனேன். இந்த முறை எஸ்டேட் கடிதத்தில் சீல் இல்லை. மூன்றாவது தடவைதான் கையெழுத்து விழுந்தது. நீங்கள் போவதானால் முதல் நாளே மலையாள நகலும் சீலும் கையில் இருக்கட்டும்.

பெற்றோர் சம்மதத்துக்கு வீடு வீடாக அலையாதீர்கள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். தராசு வரிசையில் காத்திருக்கும் அம்மாக்கள் கறை படிந்த விரலோடு அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். எனக்கு ஒரே மாலையில் 23 கையெழுத்து.

எல்லாம் முடித்துத் தேதி குறித்தால் ரெட் அலர்ட், பள்ளிக்கு லீவு! மழையைப் பற்றிய வகுப்பு மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது.

வகுப்பில் சொதப்பியது நான்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்களையும் போர்டில் எழுதினேன். பின்வரிசை கொட்டாவி விட்டது. சரி, நிஜம் போல இருக்கட்டும் என்று போனில் தகரக் கூரை மழைச் சத்தத்தைப் போட்டேன். ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். அவள் பெரியம்மா குடும்பம், மண்சரிவில் புதைந்த பெட்டிமுடியில் இருந்ததாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"வாத்தியார் கொஞ்சம் சும்மா இருங்க" என்று அங்கன்வாடி அக்கா அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். "அழாதே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பயமாருக்குன்னு சொல்லு கண்ணு, தப்பில்ல" என்றார். போர்டில் இருந்த பத்தில் ஒன்றை, உணர்ச்சிகளைக் கையாள்வதை, அவர் நடத்திக் காட்டிவிட்டார்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். கரண்டும் சிக்னலும் இல்லாததால் சேதி வெளியே தெரிந்ததே மறுநாள் காலைதான். ஆகவே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் போடு என்பதோடு நிறுத்தினால் போதாது. இரண்டாம் நாள் போர்டைத் துடைத்துவிட்டு, யார் கையை யார் பிடிப்பது, எந்த மேட்டுக்கு ஓடுவது, செருப்பைத் தேடக்கூடாது என்று பிள்ளைகளையே முடிவு செய்ய விட்டேன்.

அந்தச் சிறுமியை அடுத்த வாரம் கடைவாசலில் பார்த்தேன். "சார், செருப்பத் தேடக்கூடாதுன்னு தம்பிகிட்ட சொன்னேன். அவன் இப்ப செருப்பப் போட்டுக்கிட்டே தூங்குறான்" என்றாள்.