21.47

மார்ச் 4
விமான இறக்கையைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணினியில் தீர்க்கும் என் ஜாப் க்யூவில்.

மார்ச் 5
க்யூவில்தான். அம்மாவின் டெஸ்ட் ரிப்போர்ட்டும் வரவில்லை.

மார்ச் 7
ஓடி முடிந்தது. காற்றுக்கு இறக்கை சாயும் கோணம் 21.47 பாகை, ஸ்டாலுக்கு (ஓட்டம் பிரிந்து லிஃப்ட் விழத் தொடங்கும் இடத்துக்கு) அப்பால். முன்விளிம்பு ஸ்லாட்டும் பின்விளிம்பு ஃபிளாப்பும் முழுக்க இறக்கிய, தரையிறங்கும் நிலை இறக்கை. லிஃப்ட் (மேலே தூக்கும் விசை) எண் காற்றுச் சுரங்கத்தில் அளந்ததோடு அழகாக ஒட்டுகிறது. சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மேற்பரப்புப் படத்தைத் திறந்தால், நுனிப்பக்கம் ஸ்லாட்டைத் தாங்கும் பிராக்கெட்டுகளுக்குப் பின்னால் காற்றோட்டம் விரிந்து விரிந்து பிய்ந்து கிடக்கிறது. பீட்சா துண்டு என்பார்கள் எங்கள் ஆட்கள். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவின் 5 மீட்டர் காற்றுச் சுரங்கத்தில் இதே வடிவத்தின் 10 சதவீத அளவு, பாதி விமான மாடலை வைத்துப் பார்த்தபோது, ஓட்டம் பெரிதாகப் பிரிந்தது உடலோடு இறக்கை சேரும் இடத்தில். என்னுடையதில் அங்கே ஒன்றுமே இல்லை.

அதாவது உடல்பக்கம் குறையவேண்டிய லிஃப்ட் நுனிப்பக்கம் குறைந்திருக்கிறது. கூட்டினால் கணக்கு நேர். பிட்சிங் மொமென்ட்டை (மூக்கை மேலும் கீழும் திருப்பும் திறனை) பார்த்தால்தான் குட்டு உடைகிறது: நுனி பின்தள்ளி இருக்கும் இறக்கை, அங்கே லிஃப்ட் குறைந்தால் மூக்கு மேலே தூக்கும். சுரங்கத்தில் அப்படி இல்லை.

மார்ச் 8
ரிப்போர்ட் நார்மல். தங்கை போனில் சிரித்தாள். அம்மா மட்டும், "நார்மல்னா ஏன்டா மாடி ஏற முடியல?" என்றாள்.

மார்ச் 11
கொந்தளிப்பான ஓட்டத்தைத் தோராயமாகக் கணக்கில் சேர்க்க நான் வைத்திருக்கும் ஸ்பலார்ட்-ஆல்மரஸ் மாடல் 1992-இல் வந்தது. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான், இரண்டு பேருமே கொஞ்சம் களைத்துவிட்டோம். ஆனால் எல்லாப் பழியையும் மாடல் மேல் போட மனசு வரவில்லை. இன்று அதே மெஷ்ஷை (கணக்குக்காகக் காற்றைக் கூறுபோட்ட வலையை) இரண்டு விதமாக ஓட்டினேன். ஒன்று சீரான வெறும் காற்றோட்டத்திலிருந்து தொடங்கி நேராக 21.47 பாகை. இன்னொன்று 7.05-இல் தொடங்கி, அந்த விடையை வைத்தே 17.05, 19.57 என்று படிப்படியாக. இரண்டு விடை! ரெசிடுவல் (சமன்பாட்டில் மிஞ்சும் பிழை) இரண்டிலும் சமர்த்தாக இறங்குகிறது. எதை நம்புவது?

மார்ச் 12
நார்மல் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்கள்.

மார்ச் 15
2022 ஜனவரியில் நடந்த நான்காவது ஹை-லிஃப்ட் பட்டறையின் (இதே இறக்கையைப் பல குழுக்கள் கணக்கிட்டு ஒப்பிட்டது) முடிவுகளை மறுபடி படித்தேன். ஓட்டத்தின் நேரச் சராசரியை மட்டும் தீர்க்கிறவர்கள் என்னைப் போலவே பீட்சா சாப்பிட்டிருக்கிறார்கள். பெரிய சுழல்களை நேரத்தோடு தீர்த்து, சுவரருகே, அதாவது இறக்கைப் பரப்பை ஒட்டி மட்டும், மாடல் வைத்தவர்களுக்குத்தான் ஸ்டால் பக்கம் படம் தேறியது. ரெனால்ட்ஸ் எண் (இது பெரிதாகப் பெரிதாகச் சுவரருகே சுழல்கள் நுணுகும்) 54.9 லட்சம். சுவர்வரை சுழல்களைத் தீர்க்க யாருக்கும் வசதி இல்லை. எனக்குக் கிடைத்த கணினி நேரக் கோட்டாவில் அந்தச் சுவர் மாடல் வழியில் ஒரு கோணம் ஓட்டலாம். ஒன்றே ஒன்று.

மார்ச் 16
வேறு டாக்டர். இவர் படியேறச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்தாராம். காகிதத்தை அப்புறம்தான் வாங்கினாராம். தங்கை இதை மூன்று தடவை சொன்னாள்.

மார்ச் 18
சுரங்க ஆட்கள் எண்ணை மட்டும் நம்பாமல், இறக்கையில் எண்ணெய் பூசி ஓட்டத்தின் தடத்தைப் பார்த்ததும் அதற்குத்தானே.

மார்ச் 19
ஆஞ்சியோ வெள்ளிக்கிழமை. அந்த ஒரு கோணம் 21.47 என்று முடிவு செய்தேன். இறக்கை மூட்டில் மெஷ்ஷை அடர்த்தியாக்கி அனுப்பினேன். அம்மா கேட்டாள், "உன் ரெக்கை பறக்குதா?" இன்னும் க்யூவில் நிற்கிறது அம்மா என்றேன்.

மார்ச் 20
இரவு பஸ். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை.