500 துண்டுகளுக்கு நடுவே ஒரு முகம்

லண்டனில் பெரியம்மா மகள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அக்காவுக்கு என் மேல் இன்னமும் வருத்தம்தான். ஊர் பார்க்க வந்தவள் ராட்டினத்தில் ஏறவில்லை, அரண்மனை வாசலில் நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, துருப்பிடித்த இரும்பைப் பார்ப்பதற்கு மூன்று நாளைச் செலவழித்தாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

முதல் நாள் பிரிட்டிஷ் மியூசியம், 41ஆம் அறை. சட்டன் ஹூ தலைக்கவசம், அதாவது 7ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த இரும்புப் போர்க்கவசம், அங்கேதான் இருக்கிறது. படங்களில் எத்தனையோ தடவை பார்த்த முகம், நேரில் பார்த்ததும் கொஞ்சம் சப்பென்று போனது. பளபளப்பே இல்லை. பழுப்பு நிறம், அங்கங்கே சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பு மட்டும்தான் அசல், வழுவழுவென்று இருப்பதெல்லாம் காணாமல் போன இடங்களை அடைக்கப் பிற்காலத்தில் வைத்தது என்று புரிந்த பிறகுதான் எனக்கு ஆர்வமே வந்தது. பாதிக்கு மேல் இல்லாத ஒரு பொருளை எப்படி இத்தனை உறுதியாக ஒரு முகமாக்கினார்கள்?

கதை 1939இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில், சட்டன் ஹூ என்ற இடத்தில், எடித் பிரெட்டி என்ற அம்மாளின் நிலத்தில் சில மண்மேடுகள். அவர் ஏற்பாட்டில் பேசில் பிரவுன் என்ற அகழாய்வாளர் அவற்றில் ஒன்றைத் தோண்டினார். உள்ளே 27 மீட்டர் நீளக் கப்பலின் தடம் கிடைத்தது. மரம் முழுக்க மக்கிப்போய், மணலில் வரிசையாக ஆணிகள் மட்டும் மிச்சம். கப்பலின் நடுவே ஒரு அறை, அதற்குள் தங்கமும் வெள்ளியும் வாளும் இந்தத் தலைக்கவசமும். காலம் ஏறக்குறைய கி.பி. 620கள். அந்தப் பகுதியில் அன்று இருந்த கிழக்கு ஆங்கிலியா நாட்டின் அரசன் ரெட்வால்டின் கல்லறையாக இருக்கலாம் என்பது பலருடைய கணிப்பு. உடல் கிடைக்கவில்லை, அமில மண் எலும்பைத் தின்றுவிட்டது.

அறையின் கூரை எப்போதோ சரிந்து விழுந்தபோது கவசம் அதன் அடியில் சிக்கிக்கொண்டது. ஆனால் அதற்குள் இரும்பு நன்றாகத் துருவேறி மொறுமொறுவென்று ஆகியிருந்ததாம். பித்தளைக் குடம் விழுந்தால் நசுங்கும், மண்பானை விழுந்தால் உடையும், இல்லையா? இது மண்பானை மாதிரி உடைந்தது. நசுங்கியிருந்தால் வெறும் தகரக் குப்பை. உடைந்ததால் ஒவ்வொரு சில்லும் தன் வளைவோடு அப்படியே இருந்தது, ஒட்டிப் பார்க்க முடிந்தது. 500க்கும் மேற்பட்ட சில்லுகள். துருவுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த வருடமே போர் வந்துவிட்டதால் புதையல் லண்டனில் ஆல்ட்விச் என்ற பாதாள ரயில் ஸ்டேஷன் சுரங்கத்துக்குள் போய்ப் பதுங்கியது. போர் முடிந்ததும் 1945-46இல் ஹெர்பர்ட் மேரியன் என்பவர் பிளாஸ்டரில் ஒரு தலை செய்து, அதன் மேல் சில்லுகளைப் பொருத்தினார். அதைத்தான் உலகம் கால் நூற்றாண்டு பார்த்தது. ஆனால் ஸ்வீடன் அறிஞர்களுக்குத் திருப்தியில்லை. அவர்கள் நாட்டில் வெண்டல், வால்ஸ்கார்டே கல்லறைகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த தலைக்கவசங்கள் கிடைத்திருந்தன, அதனால் அவர்களுக்கு இதன் ஜாடை தெரியும். மேரியன் செய்ததில் முகத்தின் சில பகுதிகள் காப்பே இல்லாமல் திறந்து கிடந்தன, சண்டைக்குப் போகிறவன் இப்படியா போவான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே. கடைசியில் 1970-71இல் மியூசியத்தில் பழம்பொருள்களைச் சீர்செய்கிற நைஜல் வில்லியம்ஸ் முழுவதையும் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார். இப்போது நாம் பார்ப்பது அது. மேரியனைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. முதலில் ஒருவர் தப்பாக ஒட்டி வைத்ததால்தான் எங்கே தப்பு என்று மற்றவர்களால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அது முகமில்லை. புருவங்கள் இரண்டும் இறக்கை, மூக்கு உடம்பு, மீசை வால். மேல்நோக்கிப் பறக்கிற ஏதோ ஒரு பிராணி, நெற்றியில் அதன் தலை, உச்சியிலிருந்து இறங்கி வருகிற இன்னொரு நாகத்தின் தலையோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. புருவங்களுக்கு அடியில் சிவப்புக் கார்னெட் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு புருவத்தில் கற்களுக்குப் பின்னால் தங்கத் தகடு உண்டு, மற்றதில் இல்லை. நெருப்பு வெளிச்சத்தில் ஒரு கண் மின்னும், இன்னொன்று மங்கிவிடும். வட ஐரோப்பியர்களின் ஒற்றைக் கண் தெய்வமான ஓடினைக் காட்டத்தான் இப்படி என்று 2014இல் நீல் பிரைஸ், பால் மார்ட்டிமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம்பலாமா? நான் பாதி நம்புகிறேன். ஆனால் அதைப் படித்த பிறகு அந்தக் கண்ணைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் சட்டன் ஹூவுக்கே போனேன். இப்ஸ்விச்சில் மாற வேண்டிய ரயிலை என் அஜாக்கிரதையால் விட்டுவிட்டு, அடுத்ததற்குக் குளிரில் காத்திருந்து, மெல்டனில் இறங்கி நடந்தேன். அங்கே இருப்பது புல் மூடிய மேடுகள், ஒரு பார்வைக் கோபுரம், கவசத்தின் நகல், கீழே டெபன் ஆறு. அவ்வளவுதான். நகல் மட்டும் என்னைக் கொஞ்சம் உலுக்கியது. அசலில் இரும்பின் மேல் வெள்ளீயம் பூசிய வெண்கலத் தகடுகள் போர்த்தியிருந்ததால், புதிதாக இருந்தபோது அது வெள்ளி மாதிரி ஜொலித்திருக்கும். நான் மியூசியத்தில் பார்த்துவிட்டு வந்த பழுப்பு முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது நாள் யார்க். கிங்ஸ் கிராஸிலிருந்து இரண்டு மணி நேரம். என்னைக் கேட்டால் சட்டன் ஹூவைவிட இங்கே இருக்கிற காப்பர்கேட் தலைக்கவசம்தான் உசத்தி. அதில் ஊகத்துக்கு அதிக வேலை இல்லை, கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. 1982 மே மாதம், ஸ்காண்டிநேவியாவிலிருந்து படையெடுத்து வந்த வைக்கிங்குகள் காலக் குடியிருப்பைத் தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, கட்டட வேலைக்கு மண் எடுத்த இயந்திரத்தின் வாளியில் ஏதோ தட்டியது. மரப்பலகை அடைத்த ஒரு குழிக்குள், ஈரமான, காற்றுப் புகாத மண்ணில் அது 1,200 வருடம் கிடந்திருக்கிறது.

வைக்கிங் தெருவில் கிடைத்ததால் வைக்கிங் கவசம் என்று நினைக்கத் தோன்றும். காப்பர்கேட் என்ற பேரே அவர்கள் வைத்ததுதான், கோப்பை செய்கிறவர்கள் தெரு என்று பொருள். ஆனால் கவசத்தின் வயது கி.பி. 750-775. வைக்கிங்குகள் யார்க்கைப் பிடித்தது 866இல். மூக்குக் காப்பில் இரண்டு மிருகங்கள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன, பிடரியில் கிட்டத்தட்ட 2,000 இரும்பு வளையங்கள் கோத்த திரை தொங்குகிறது. உச்சியில் ஓடும் பித்தளைப் பட்டையில் லத்தீனில் ஒரு ஜெபம், அதன் நடுவே ஓஷெரே என்று ஒரு பெயர். ரெட்வால்ட் என்பது நம் கணிப்பு. ஓஷெரே என்பது எழுதியே வைத்தது.

மதியம் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "சித்தி, கொம்பு வச்ச வைக்கிங் ஹெல்மெட் வாங்கிட்டு வாங்க." வைக்கிங் காலக் கவசம் எதிலும் கொம்பு இருந்ததற்குச் சான்று இல்லை, 1876இல் பைராய்ட் நகரத்தில் வாக்னரின் ஓபராவுக்கு உடை வரைந்த டோப்ளர் மாட்டிவிட்ட கொம்புதான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, நார்வேயில் கியர்முண்ட்பூ என்ற இடத்தில் 1943இல் கிடைத்த நிஜமான கவசத்தில் கண்ணாடி போட்ட மாதிரி கண்ணைச் சுற்றி ஒரு காப்பு மட்டும்தான் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டே போனேன். பையன் எப்போதோ போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டிருந்தான். சரி, ஒரு பிளாஸ்டிக் கொம்பை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் மறுபடி 41ஆம் அறைக்கு ஓடினேன். இந்தத் தடவை தலைக்கவசத்துக்காக இல்லை. அதே அறையில் திமிங்கல எலும்பில் செதுக்கிய ஒரு சின்னப் பேழை உண்டு, ஃபிராங்க்ஸ் பேழை என்பார்கள், 8ஆம் நூற்றாண்டில் அன்று யார்க் இருந்த அதே நார்த்தம்ப்ரியா நாட்டில் செய்தது. முதல் நாள் அதைத் தாண்டிப் போயிருந்தேன். மூடியில் வில்லோடு ஒருவன் தன் வீட்டைக் காத்து நிற்கிறான், எதிரே வீரர்கள் ஏறி வருகிறார்கள். கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். அவர்கள் தலையிலும் மூக்குக் காப்பு வைத்த கவசம், யார்க்கில் பார்த்ததைப் போலவே.