பிரஷர் மீட்டர் சொல்லாதது

மார்ச் 4
சாம்பிள் ஜாடியைச் சுழற்றினால் விமான எரிபொருள் புகை மூட்டமாகத் தெரிந்தது. சிரிஞ்சில் 5 மில்லி இழுத்ததுமே, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் மஞ்சள் கேப்சூல் பச்சையாகிவிட்டது. அப்படியென்றால் கரையாத தண்ணீர் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) பக்கம் வந்தாயிற்று. ஃபில்டரின் பிரஷர் மீட்டரோ ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறது. ஃபில்டர் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மார்ச் 5
"அடைப்பு இருந்தாத்தானே மீட்டர் ஏறும்?" என்றார் சீனியர். சரிதான். கோயலெசரின் (தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர்) கண்ணாடி இழையில் தண்ணீரின் பொடித்துளிகள் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து அடியிலிருக்கும் சம்ப்பில் இறங்க வேண்டும். சோப்புத்தன்மை உள்ள எதுவும் துளியைச் சுற்றிக்கொண்டால் சேரவிடாது, இழையிலும் படிந்துவிடும். துளி பொடியாகவே நழுவி வெளியே போகும்.

இரண்டு ஜாடி எடுத்தேன். ஒன்றில் வெறும் எரிபொருள். இன்னொன்றில் சோப்புத்தன்மை உள்ள துருத்தடுப்பு அடிட்டிவ் (சேர்மருந்து), வேண்டுமென்றே தாராளமாக. இரண்டிலும் சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். முதல் ஜாடியில் தண்ணீர் முத்து முத்தாக அடியில் உட்கார்ந்தது. இரண்டாவது, அரை மணி கழித்தும் மோர் நிறம்.

மார்ச் 6
தண்ணீரை உறிஞ்சும் பாலிமர் ஃபில்டர் போடலாமே என்றான் புதுப் பையன். 2010-இல் சுரபயாவிலிருந்து ஹாங்காங் போன கேத்தே பசிபிக் 780 விமானத்தின் இன்ஜின்களை மக்கர் பண்ண வைத்தது அந்தப் பாலிமர் துகள்கள்தான் என்றேன். அப்புறம் பேச்சில்லை.

மார்ச் 8
எரிபொருளிலிருந்து தண்ணீர் எவ்வளவு நன்றாகப் பிரிகிறது என்று பார்க்கும் எம்செப் டெஸ்ட்டின் ரிசல்ட் 66. ஸ்டேட்டிக் அடிட்டிவ் (நிலைமின்சாரம் சேராமல் தடுப்பது) சேர்த்த ஜெட் ஏ-1 விமான எரிபொருளுக்கு 70 போதும், சேர்க்காததற்கு 85. அந்த அடிட்டிவ் டெஸ்ட் மதிப்பைத்தான் இறக்குமே தவிர, நிஜ ஃபில்டரை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதனால்தான் இந்தச் சலுகை. நமக்கு அந்தச் சலுகையும் எட்டவில்லை, கேப்சூலும் பச்சை. வேறு சரக்கும் போகும் பைப்லைனில் வந்த எரிபொருள் இது. அந்தச் சரக்கின் சோப்புத்தன்மை இதில் ஒட்டிக்கொண்டதோ என்பதுதான் என் சந்தேகம்.

மார்ச் 11
சோப்புத்தன்மையை உறிஞ்சும் களிமண் ஃபில்டர் வழியே விட்டு, கோயலெசரையும் மாற்றினோம். கேப்சூல் மஞ்சளாகவே இருக்கிறது. ஆனால் களிமண் நல்லது கெட்டது பார்க்காது: ஸ்டேட்டிக் அடிட்டிவையும் சேர்த்து விழுங்கிவிட்டது. கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்தும் திறன்) குறைந்தது 50 பிகோசீமென்ஸ்/மீட்டர் இருக்க வேண்டும், மீட்டரில் 18. நாளைக்கு மறுபடி ஸ்டேட்டிக் அடிட்டிவ் டோசிங்.